ஐந்தாம் நாள் உபயம்

என் மகனுக்கு வேலை போனது எனக்குத் தெரியும். தெரிந்தும் தெரியாதவனாக நடித்தேன். அவன் கையில் காசில்லை என்று அறிந்தே ஏழாயிரம் சிங்கப்பூர் வெள்ளி செலவு வைத்தேன்... கோயில் ஒலிபெருக்கியில் எங்கள் குடும்பத்தின் பெயரைக் கேட்பதற்காக!

முகம் சுளிக்கிறீர்களா? சுளியுங்கள். ஆனால் கொஞ்சம் மிச்சம் வையுங்கள். என் மகனுக்கும் வேண்டியிருக்கும்.

மகன் ரவீந்திரன் ஒரு வெளிநாட்டு வங்கியில் துணைத் தலைவராக இருந்தான். மாதம் பதினெட்டாயிரம் வெள்ளி. செம்பவாங் கப்பல் பட்டறையில் முப்பத்தொரு வருடம் கணக்கெழுதிய நான் அவ்வளவு பணத்தை அடுத்தவர் கணக்கில்தான் பார்த்திருக்கிறேன். பதினெட்டாயிரம்! அதில் மாதக் கடைசியில் எவ்வளவு மிஞ்சும் என்று நினைக்கிறீர்கள்? ஒரு வெள்ளி மிஞ்சாது.

பாசிர் ரிஸ்ஸில் கடல் தெரிகிற கொண்டோமினியம். அந்தக் கடலைப் பார்க்க வீட்டில் ஒருவருக்கும் நேரமில்லை. ஒரு ஜெர்மன் கார். அதைச் சாலையில் ஓட்ட வாங்கிய உரிமைச் சான்றிதழின் விலைக்கு, அந்தக் காலத்தில் தோ பாயோவில் நான் வாங்கியதுபோல மூன்று வீடு வாங்கியிருக்கலாம். டிசம்பரில் பனியில் சறுக்கி விளையாட ஜப்பான். அந்தக் கடன் ஜூனில் தீரும். ஜூனில் அடுத்த பயணம். எட்டு வெள்ளிக்குக் காப்பி... அதையும் பாதி குடித்துவிட்டு வைத்துவிடுவான்!

ஒருமுறை கேட்டேன். “அவசரத்துக்குன்னு ஏதாச்சும் ஒதுக்கி வெச்சிருக்கியாடா?”

“கார்டு இருக்குல்லப்பா,” என்றான்.

கடன் அட்டையைக் கையிருப்பு என்று எண்ணுகிற அறிவுக்கு மாதம் பதினெட்டாயிரம் கொடுக்கிறார்கள்! அதுவும் ஒரு வங்கியில்!

இப்படிப்பட்டவர்களைக் கண்டாலே எனக்குக் குமட்டும். கழுத்துவரை கடன், கழுத்துக்கு மேலே வாசனைத் திரவியம். சம்பளம் ஒரு மாதம் வராவிட்டால் அரிசி வாங்கக் காசிருக்காது; பேச்சு மட்டும் முதலீட்டைப் பற்றி. நீங்களும் அந்த இனமாக இருந்தால், உங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல் தேக்கா சந்தையில் கீரை வாங்கிவிட்டு, உணவங்காடியில் காப்பி குடிக்க உட்கார்ந்தேன். தூணுக்கு அந்தப் பக்கத்து மேசையில் ரவி. அலுவலகச் சட்டை, பளபளக்கும் காலணி, எதிரே ஒரு வெறும் தோசை. எனக்கு முதுகைக் காட்டியபடி நண்பன் யாருடனோ கைப்பேசியில் பேசிக்கொண்டிருந்தான்.

“ரெட்ரெஞ்ச் பண்ணி வெளிய அனுப்பிட்டாங்க லா, மச்சான். ரெண்டு மாசமாச்சு. குடுத்த பணத்துல பாதி கார்டுக்கே போயிருச்சு... சேவிங்ஸா? என்னா சேவிங்ஸ்! நீ வேற... இல்லல்ல, அப்பாவுக்குத் தெரியாது. தெரிஞ்சா மனுஷன் ஒடஞ்சு போயிருவாரு.”

நான் உடைந்து போவேனாம்!

அந்த நேரத்தில் எனக்குள் முதலில் எழுந்தது என்ன தெரியுமா? மகிழ்ச்சி. ஆம்... மகிழ்ச்சி! ‘மாட்டினாயா!’ என்று உள்ளே ஒருவன் கை தட்டினான். பெற்ற பிள்ளை வெறும் தோசையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறான்; நான் சொன்னது பலித்துவிட்டது என்று தகப்பன் குதூகலிக்கிறான். இவனை என்னவென்று சொல்வீர்கள்?

இரண்டாவதாக வந்தது பயம். அவனைப் பற்றியல்ல. உபயத்தைப் பற்றி!

நவராத்திரியின் ஐந்தாம் நாள் எங்கள் குடும்பத்துடையது. அன்றைய பூசை, அலங்காரம், அன்னதானம் எல்லாம் எங்கள் செலவு. பதிலுக்கு ஒலிபெருக்கியில் பெயர், மகன் தலையில் பரிவட்டம், அம்மன் எதிரே முதல் வரிசை. பதினான்கு வருடங்களாக அந்த நாளை விட்டதில்லை. ஒரு வருடம் விட்டால் காத்திருக்கிற அடுத்த குடும்பத்துக்குப் போய்விடும், பிறகு திரும்பாது. காத்திருந்தவன் பொன்னுசாமி, பட்டறையில் எனக்குக் கீழே வேலை பார்த்தவன்.

“என்னாண்ணே, இந்த வருஷமும் ரவிதானா? முடியலன்னா சொல்லுங்க லா. நான் ரெடியா இருக்கேன்,” என்பான், கோயில் வாசலில் பார்க்கும்போதெல்லாம்.

“நான் போய்ச் சேந்தாத்தான் ஒனக்கு அந்த நாள்.”

“நீங்க எங்கண்ணே போறீங்க! அதுக்கும் செலவாகுமே!”

சிரிப்பேன். உள்ளே எரியும்.

அதனால்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை, கீரைப் பையைத் தூக்கிக்கொண்டு மறுபக்க வாசல் வழியாக வெளியேறினேன். மகன் தோளில் கை வைத்து, “என்னடா ஆச்சு?” என்று கேட்க நாலைந்து அடிதான் தூரம். கேட்டால் அவன் சொல்லிவிடுவான். சொல்லிவிட்டால் உபயத்தை எப்படிக் கேட்பது?

என்னிடம் பணமில்லையா? இருந்தது. வங்கியில் நாற்பத்தோராயிரம் வெள்ளி. நானே கட்டியிருக்கலாம். ஆனால் மகன் சம்பாத்தியத்தில் நடக்கிற உபயத்துக்கல்லவா மதிப்பு! கிழவன் தன் சேமிப்பை உடைத்துச் செய்தான் என்று தெரிந்தால் பொன்னுசாமி என்ன நினைப்பான்?

பார்த்தீர்களா... எட்டு வெள்ளிக் காப்பியைக் கேலி செய்தவனின் யோக்கியதையை!

ஆவணியில் மருமகள் மாலினி அழைத்தாள்.

“மாமா, இந்த வருஷம் அன்னதானத்த மட்டும் கொஞ்சம் சின்னதா வெச்சுக்கலாமா?”

மேலே ஏதோ சொல்ல வருகிறாள் என்று புரிந்தது. சொல்லவிட்டேனா?

“ஏம்மா, ஜப்பான்ல வருஷா வருஷம் பனியில உருளுறதுக்குக் காசு இருக்கு. சாமிக்குச் செய்றப்பதான் கணக்கு பாக்குறீங்களா?”

“இல்ல மாமா... சும்மாதான் கேட்டேன்,” என்றாள்.

வைத்துவிட்டாள். ஒரு வழக்கில் வென்றவனைப்போல அன்று நன்றாகச் சாப்பிட்டேன்.

ஐந்தாம் நாள் வந்தது. அறிவிப்பாளரிடம் குறிப்பு எழுதிக் கொடுத்தவன் நான்தான். ‘வங்கித் துணைத் தலைவர் திரு. ரவீந்திரன் குடும்பத்தினர்.’ அந்தப் பதவி அவனுக்கு இல்லை என்று தெரிந்துதான் எழுதினேன். பிழையில்லாமல், அழகான கையெழுத்தில்!

ஒலிபெருக்கி அதை இரண்டு முறை சொன்னது. தட்டை ஏந்தி நின்ற ரவியின் கை, நழுவாத பரிவட்டத்தைச் சரிசெய்வதுபோல மேலே போய் வந்தது. பிறகு என் பக்கம் திரும்பிப் புன்னகைத்தான். ‘உங்களுக்குச் சந்தோஷம்தானேப்பா?’ என்பதுபோல. நானோ அவன் தோளுக்குப் பின்னால் பொன்னுசாமி எங்கே நிற்கிறான் என்று தேடிக்கொண்டிருந்தேன்.

டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரவி தனியாக வந்தான். பேருந்தில். நாற்காலியில் உட்காராமல் தரையில் என் காலருகே உட்கார்ந்தான்.

“அப்பா, ஒன்னு சொல்லணும். கோவிச்சுக்காதீங்க. எனக்கு வேல போயி பத்து மாசமாச்சு. உபயத்தன்னைக்கே வேல இல்ல. அதுக்குக் கட்டுனதுகூட கடன்தான்.”

நான் அதிர்ந்தேன்... அதிர்ந்ததுபோல் கண்களை விரித்தேன்!

“வீட்ட அப்பவே வித்திருந்தா ஏதாச்சும் கைக்கு வந்திருக்கும். வித்தா உங்களுக்குத் தெரிஞ்சுரும். உபயம் முடியட்டும், அப்பா ஊர் முன்னால தலைகுனியக் கூடாதுன்னு இழுத்துக்கிட்டே போயிட்டேன். லோன் கட்டல. இப்ப பேங்க்கே விக்கப் போவுது. ஒன்னும் மிஞ்சாது. மாலினி பிள்ளைங்கள கூட்டிக்கிட்டு அவங்கம்மா வீட்டுக்குப் போயிட்டா.”

என் பாதத்தைத் தொட்டான்.

“உங்கள ஏமாத்திட்டேம்பா. மன்னிச்சுருங்க.”

இப்போது நீங்கள் சொல்லுங்கள். ‘எனக்கு முன்பே தெரியும்’ என்பது எத்தனை சொற்கள்? அந்தச் சில சொற்கள் போதும். தேக்காவிலேயே நீ பேசியதைக் கேட்டேன், உன் வீட்டைத் தின்றது உன் ஜப்பான் மட்டுமல்ல, என் ஐந்தாம் நாளும்தான்... என்று சொல்லியிருக்க வேண்டாமா? வாய் திறந்தேன்.

“போவுது விடுடா. மன்னிச்சுட்டேன்.”

ஆம்! நான் அவனை மன்னித்தேன். தலையில் கை வைத்து, நிதானமாக, ஒரு பெரிய மனிதனைப்போல மன்னித்தேன்! நாற்பத்து மூன்று வயதுக்காரன் என் முழங்காலில் முகம் புதைத்து அழுதான். என் வேட்டி நனைந்தது. மறுநாள் வங்கிக்குப் போய்ப் பத்தாயிரம் எடுத்துக் கொடுத்தேன். என் கைகளைக் கண்களில் ஒற்றிக்கொண்டான். பத்துதான் கொடுத்தேன். மீதி முப்பத்தோராயிரத்தை அன்றும் நான் மறக்கவில்லை.

போகும்போது வாசலில் நின்று சொன்னான். “உபயத்த மட்டும் விட்டுறாதீங்கப்பா. எப்படியாச்சும் கட்டிர்றேன்.”

‘வேண்டாம்’ என்று சொல்ல மூச்சுகூடத் தேவையில்லை.

“ஒன் இஷ்டம்பா,” என்றேன்.

இப்போது அவனுக்குப் பாதிச் சம்பளத்தில் ஒரு வேலை. மாலினி இன்னும் திரும்பவில்லை. என்னிடம் அவள் பேசுவதுமில்லை. அன்று தொலைபேசியில் நான் அவள் வாயை அடைத்ததை வைத்து, எனக்கு முன்பே தெரியும் என்று அவள் கணக்கு போட்டுப் பார்த்திருப்பாளோ? பார்த்திருந்தால் ஏன் அவனிடம் சொல்லவில்லை?

ரவி ஞாயிறு தவறாமல் வருகிறான், முன்னைவிடப் பாசமாக. மறைத்ததைக் கொட்டிவிட்டவனின் முகம் எவ்வளவு தெளிந்திருக்கிறது! எனக்குப் பிடிக்குமென்று பப்பாளி வாங்கி வந்து, தோல் சீவி, விதை நீக்கி, துண்டு போட்டுத் தட்டில் வைக்கிறான்.

அந்த முகத்தின் எதிரே உட்கார்ந்து... நான் தின்கிறேன்.