கோதுமை ஆகாத பிள்ளைகள்

இங்கிலாந்தின் வடக்கே நான் வேலை பார்க்கும் ஊரில், பிள்ளையின் மலத்தைப் பற்றிப் பேசுமுன் தாய்மார்கள் மன்னிப்புக் கேட்கிறார்கள். குழந்தைகளின் வயிற்று நோய்க்கென்றே உட்கார்ந்திருக்கும் டாக்டரிடம் வேறு எதைப் பேசுவது? போன வாரம் ஒரு தாயிடம், மகளுக்கு ரொட்டி, கேக், பிஸ்கட் எதுவும் ஆயுளுக்கும் கூடாது என்றேன். சில பிள்ளைகளின் சிறுகுடலுக்குக் கோதுமை ஆகாது. சாப்பிடச் சாப்பிட உட்சுவர் தேய்ந்துவிடும். சீலியாக் என்று பெயர். அவள் அழுதுவிட்டாள். ராகி நல்லது என்று சொன்னேன். அதை மருந்து என்று எண்ணி, தினமும் எத்தனை வேளை என்று கேட்டாள். நான் விளக்கியதும், "உங்கள் ஆட்களுக்கு இதெல்லாம் சுலபம் டாக்டர், சோறுதானே" என்றாள். குத்திக்காட்டிப் பேசுகிறவள் அல்ல. ஆனாலும் எனக்கு மஞ்சுவின் வீடு கண்ணில் வந்து நின்றது.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஓசூரில் ஒரு சிறிய மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் இருந்தேன். என் சொந்த ஊர் பக்கத்துக் கிருஷ்ணகிரி. ஓசூர்த் தொழிற்பேட்டையில் மாதத்துக்கு ஒரு கம்பெனி எழும்பிக்கொண்டிருந்தது. வேலைக்கு வந்த குடும்பங்கள் லைன் வீடுகளில் நெருக்கியடித்துக் கிடந்தன. நாகரசம்பட்டி மாந்தோப்புகளில் கூலிக்குப் போன மாரப்பன், லாரி பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் சேர்ந்திருந்தார். மனைவி கௌரம்மா எல்லையோரத்துப் பேரிகை ஊர்க்காரி. தமிழில் ஆரம்பித்து, அழுகை வந்தால் தெலுங்குக்குப் போய்விடுவாள். அவர்களின் ஒரே பெண் மஞ்சு. வயிறு மட்டும் பானைபோல் இருக்கும். கைகால் குச்சி. மாதக்கணக்கில் பேதி.

பூச்சி மருந்து கொடுத்தோம். காசநோயா என்று பார்த்தோம். வயிற்றில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று ஊரில் தொக்கம் எடுத்தும் பார்த்திருந்தார்கள். ஒன்றுக்கும் பேதி கேட்கவில்லை. என்ன சாப்பிடுகிறாள் என்று மறுபடி மறுபடி கேட்டபோது மாரப்பன் பெருமையாகவே சொன்னார்: "கேண்டீன்ல டீக்குத் தர்ற பன்ன நான் திங்கறதில்லீங்க டாக்டரம்மா. பாப்பாவுக்கு எடுத்தாந்துடுவேன். களியத் தொடமாட்டா, பன்னுன்னா உசுரு."

பெங்களூரில் ஒரு பெரிய டாக்டரிடம் சொன்னேன். "ராகி தின்னும் சீமையில் வடநாட்டு நோயா?" என்று சிரித்தார். விடாமல் கேட்டதால், வாய்வழியாகச் சிறு குழாய் செலுத்திக் குடலில் துளி சதை எடுத்துப் பார்த்தார். அதன்பின் சிரிக்கவில்லை.

பன்னும் கோதுமைதான், நிறுத்துங்கள் என்று சொன்னதும் மாரப்பன் தலை குனிந்தார். "நானே குடுத்துட்டேனுங்களா?" என்று மட்டும் கேட்டார். நான் எத்தனையோ சமாதானம் சொன்னேன். அவர் முகம் தெளியவில்லை. ஆனால் மஞ்சு தேறினாள். கன்னத்தில் சதை வைத்தது. வார்டில் ஓடி என் ஸ்டெதஸ்கோப்பை இழுத்தாள். அந்தப் பெங்களூர் டாக்டர்தான் இங்கிலாந்துப் பயிற்சிக்கு என் பெயரைச் சொன்னார். படித்துவிட்டு வந்து ஓசூரிலேயே இப்படி ஒரு பிரிவு தொடங்கவேண்டும் என்ற எண்ணத்தோடுதான் விமானம் ஏறினேன்.

முதல் விடுமுறை முடிந்து விமானம் ஏறும் நாளில் அந்த லைன் வீட்டைத் தேடிப் போனேன். கௌரம்மா என்னைக் கண்டதும் உள்ளே போய்விட்டாள். மாரப்பன்தான் வாசலில் நின்று சொன்னார்.

"மழைக்குக் குழாயில சாக்கடை கலந்துடுச்சிங்க. லைன் பூரா வாந்தி பேதி. தண்ணி குடுத்தா இன்னும் போகும்னு எல்லாருஞ் சொன்னாங்க. நிறுத்திட்டோம். ஒரு நாள்கூடத் தாங்கல."

சற்று நின்று மறுபடி சொன்னார்: "பன்னு மட்டும் குடுக்கலீங்க டாக்டரம்மா. கேட்டு அழுதா. நீங்க சொன்னதால கடைசி வரைக்கும் குடுக்கல."

யாருக்கும் புலப்படாத நோயைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று கடல் தாண்டிப் போயிருந்தேன். உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் போதுமாயிருந்த நோய் அவளைக் கொண்டுபோயிருந்தது. நான் இப்போது வேலை பார்க்கும் வார்டில், பேதியால் ஒரு பிள்ளையும் இறந்து நான் பார்த்ததில்லை. இங்கே நான் கற்றதெல்லாம் அரிய நோய்கள்.

அன்று பக்கத்து வீட்டிலும் ஒரு கைக்குழந்தை கண் குழிந்து கிடந்தது. தாய் அதற்குத் தண்ணீர் காட்டாமல் வைத்திருந்தாள். கொதித்து ஆறிய தண்ணீர் வாங்கி, உப்பும் சர்க்கரையும் கலந்து, குழந்தையை மடியில் போட்டுக் கரண்டி கரண்டியாகப் புகட்டினேன். லைன் பெண்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். முதலில் கக்கிய குழந்தை, பிறகு விழுங்கத் தொடங்கியது. தெருமுனையில் என்னை ஏர்போர்ட்டுக்குக் கொண்டுபோக வந்த கார் ஹாரன் அடித்தது. மறுபடியும் அடித்தது.

"நாளைக்கும் இருப்பீங்களா டாக்டரம்மா?" என்று அந்தத் தாய் கேட்டாள்.

குழந்தை வாயைத் திறந்து காத்திருந்தது. நான் அவள் முகத்தைப் பார்க்காமல் அடுத்த கரண்டியை எடுத்தேன்.