முப்பது மைல் போர்டு

என் மாமு திண்டுக்கல் ரோட்டில் ஓட்டிய பஸ்ஸைப் பாலக்கரையில் எல்லோரும் கட்டைவண்டி என்றுதான் கேலி செய்வார்கள். மாமு என்றால் அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. அந்த ரோட்டில் பஸ்கள் அடிக்கடி மோதிக்கொண்டதால், குளத்துக்கரை வளைவில் மணிக்கு முப்பது மைலுக்கு மேல் போகக்கூடாது என்று புதிதாக ஒரு போர்டு நட்டிருந்தார்கள். மற்ற டிரைவர்கள் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. மாமு மட்டும் அதைக் கண்டதும் அடங்கிப் போவார், மாமனாரைக் கண்ட புது மாப்பிள்ளை மாதிரி.

வையம்பட்டியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு அவர் பஸ்ஸில்தான் திரும்பிக்கொண்டிருந்தோம். காலையிலிருந்தே என் தம்பிக்கு உடம்பு சுட்டது. மணப்பாறை தாண்டியதும் வலிப்பு வந்துவிட்டது. கண் செருகி, வாயில் நுரை. யாரோ ஒரு சாவிக்கொத்தை அவன் கையில் திணித்தார்கள். திருச்சி ஆஸ்பத்திரிக்குப் போனால்தான் பிள்ளை பிழைக்கும் என்றார்கள். மாமு விரட்டினார். அந்தப் பஸ் அப்படி ஓடி நான் பார்த்ததே இல்லை. அப்புறம் அந்தப் பாழாய்ப்போன போர்டு வந்தது, பஸ் மெதுவானது.

“தம்பி, உன் மருமவன் போயிட்டிருக்கான்டா. அழுத்துடா,” என்று அம்மா கதறினாள்.

“வளைவு தாண்டட்டும்க்கா.”

“என்னய்யா மனுசன் நீ? போர்டு பெருசா, புள்ள உசிரு பெருசா?” என்று பின்சீட்டுக்காரர் ஒருவர் பாய்ந்தார். எனக்கும் மாமுவின் கழுத்தைக் கடித்துவிடலாம் போலிருந்தது.

வளைவில் திரும்பினால், ரோட்டுக்குக் குறுக்கே ஒரு மாட்டுவண்டி. சந்தை முடிந்து திரும்புகிறவர்கள், மாட்டுக்குத்தான் வழி தெரியுமே என்று வண்டியிலேயே தூங்கிவிடுவது வழக்கம். மாடுகளோ தாகத்தில் குளத்தைப் பார்த்துத் திரும்பியிருந்தன. வண்டியில் புருஷன், பெண்டாட்டி, அவள் மடியில் குழந்தை, எல்லோரும் நல்ல தூக்கம். மாட்டின் கொம்பு பஸ்ஸின் முகவிளக்கை உரச, மாமு நிறுத்திவிட்டார். மாடுகள் சாவகாசமாகக் கடந்து போயின. வண்டிக்காரர் புரண்டு படுத்ததோடு சரி.

வளைவு தாண்டியதும் மாமு மறுபடியும் விரட்டினார். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். வெகுநேரம் கழித்துத் தம்பி கண்ணைத் திறந்து அழுதான். அம்மா மட்டும் மாமுவின் முகத்தைப் பார்க்கவே இல்லை.

வெளியே படிக்கட்டில் அவர் டீ கிளாஸைப் பிடிக்க முடியாமல் கை நடுங்க உட்கார்ந்திருந்தார்.

“ஏன் மாமு நடுங்குறீங்க? அதான் ஒண்ணும் ஆகலையே?”

“ஆமாம்மா, ஒண்ணும் ஆகல,” என்றவர், துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழத் தொடங்கினார்.

ஒன்றுமே ஆகாததற்கு ஒரு பெரிய ஆம்பளை இப்படி அழுவாரா என்று எனக்கு வெட்கமாக இருந்தது.