கன்னத்துக்கு உணர்ச்சி வந்த நாள்

உங்கள் அம்மா பாயசம் வைத்த அந்தச் சனிக்கிழமை நான் ஏன் சாப்பிடவில்லை என்று இரண்டு பேரும் கேட்டீர்கள். அன்றைக்குப் பதில் சொல்லவில்லை. இப்போது எழுதுகிறேன்.

எனக்கு வலது கன்னத்தில் நரம்பு வலி இருந்தது உங்களுக்குத் தெரியும். வரப்பில் நிற்கும்போது காற்று பட்டால் போதும், கரண்ட் அடித்த மாதிரி வெட்டும். வாயைத் திறந்தாலும் வெட்டும். நடவு சமயத்தில் ஆட்களுக்குக் கையால் ஜாடை காட்டித்தான் வேலை சொன்னேன். "என்னங்க, மௌன விரதமா?" என்று நடவுப் பெண்கள் கேலி செய்தார்கள்.

பிறகு தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் கன்னம் வழியாக ஊசியை விட்டு நரம்பைச் சுட்டார்கள். கத்தி இல்லை, தையல் இல்லை. மறுநாளே வீட்டுக்கு வந்தோம். வலி நின்றது. அந்தப் பக்கம் மரத்தும் போனது. புறப்படும்போது டாக்டர் சொன்னார்: "திரும்ப வராதுன்னு எழுதிக் குடுக்க முடியாதுங்க. சில பேருக்கு மரமரப்பு தெளியத் தெளிய வலியும் எட்டிப் பாக்கும். வந்தா மறைக்காதீங்க." அம்மா அப்போது மருந்து வாங்கப் போயிருந்தாள். நான் அவளிடம் சொல்லவில்லை. அது என் தப்பு.

உதட்டோரம் சோறு ஒட்டினாலும் எனக்குத் தெரியாது. "அப்பா, பறிக்காம ஒரு நாத்து நிக்குது!" என்று சிரிப்பீர்கள். அந்தச் சனிக்கிழமை நீங்கள் சொல்வதற்கு முன்பே நானே துடைத்துவிட்டேன்.

"என்னங்க, உணர்ச்சி வந்துடுச்சா!" என்றாள் அம்மா. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. சாயங்காலமே பாயசம். எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை.

பத்து நாள் கழித்து, மோட்டார் கொட்டகையில் முகம் கழுவும்போது மூக்கோரத்தில் ஒரு வெட்டு. கண் சிமிட்டும் நேரம்தான். தண்ணீர் அது பாட்டுக்குக் கொட்டிக்கொண்டிருந்தது. மறுபடி கையை முகத்துக்குக் கொண்டுபோக எனக்குத் தைரியம் வரவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"இன்னொரு தடவ சுட்டா எத்தன நாள் தாங்குமாம்?" என்று கேட்டாள்.

"தெரியல" என்றேன்.

திங்கட்கிழமை தஞ்சாவூர் போகிறோம். அதுவரை வலது பக்கமாக வந்து என்னைக் கட்டிக்கொள்ளாதீர்கள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டால் கோபம் என்று நினைக்காதீர்கள்.