வலது பக்கத்துச் சதுரம்

2025
ஜனவரி 8: கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை, ரூ. 200
ஜனவரி 20: புதுக் கண்ணாடி, ரூ. 4,250
மார்ச் 12: மாதிரிப் பெயிண்ட், இரண்டு டப்பா, ரூ. 460

மேற்குத் தாம்பரம் கடைத்தெருவில், ஒரு மேட்சிங் சென்டரில் தாயாரம்மாள் இருபத்தாறு வருடம் ரவிக்கைத் துணி வெட்டினாள். தந்த நிறம் கேட்டு வந்தவளுக்குச் சந்தன நிறத்தை அவள் ஒருநாளும் கொடுத்ததில்லை.

மார்கழியிலிருந்து நிறங்கள் ஒன்றில் ஒன்று கரைய ஆரம்பித்தன. புதுக் கண்ணாடியும் கைகொடுக்கவில்லை. வீட்டில் "நல்லா தெரியுது" என்று சொல்லிவைத்தாள். விஷயம் வெளியே வந்தால் முதலாளி நிறுத்திவிடுவார். துணிக்கட்டுகள் அடுக்கியிருந்த வரிசையை மனப்பாடம் பண்ணிக்கொண்டு ஒப்பேற்றினாள்.

ராஜகீழ்ப்பாக்கம் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க முடிவானபோது, கணவர் குப்புராஜ் ஐவரியில் ஒன்று, சாம்பல் வெள்ளையில் ஒன்று என்று மாதிரி வாங்கி வந்தார். பெயிண்டர் ரத்தினம் கூடத்துச் சுவரில் இரண்டு சதுரம் பூசியிருந்தார்.

"நீயே சொல்லு தாயாரு. கலர்ல உன்னை மிஞ்ச ஆளா?" என்றார் குப்புராஜ்.

அவளுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தன. ஜன்னலைத் திறக்கச் சொன்னாள். வெயில் விழுந்தும் அப்படியேதான். இதற்குமேல் நின்றால் காட்டிக்கொடுத்துவிடும்.

"வலது பக்கம். இடதுல கொஞ்சம் மஞ்சள் அடிக்குது."

ரத்தினம் சிரித்துவிட்டார். "இன்னாக்கா, தமாசு பண்றியா? ரெண்டும் ஐவரிதான். பட்டி பாத்த எடத்துல ஒண்ணு, பழைய செவுத்துல ஒண்ணு, எப்டி புடிக்குதுன்னு வச்சேன். அந்த சாம்பல் டப்பாவ இன்னும் தொறக்கவே இல்ல. தோ கீது பாரு."

குப்புராஜ் சிரிக்கவில்லை. அவள் மூக்கிலிருந்த கண்ணாடியையே பார்த்தார்.

"ஏன் சொல்லல?"

"சொன்னா கடைக்கு விடுவீங்களா?"

மறுநாளே கண் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார். விழித்திரையில் கோளாறு என்றார்கள். அறுவை சிகிச்சை உதவுமா என்று எழுதித் தெரிவிப்பதாகவும் சொன்னார்கள். மாதக் கடைசியில் அவள் கடையிலிருந்து நின்றுகொண்டாள். முதலாளி ஒரு சேலை வைத்துக் கொடுத்தார். அது என்ன நிறம் என்று அவள் யாரையும் கேட்கவில்லை. கட்டவும் இல்லை.

வீடு முழுக்க ஐவரி அடித்தாயிற்று. பின்கட்டுக்குப் போகும்போது அவள் சுவரைத் தடவிக்கொண்டே போவாள். ஈரம் காயும் முன் தடவியதில் நிலைப்படிக்குப் பக்கத்தில் நான்கு விரல் பதிந்துவிட்டது. ரத்தினம் மறுபடி பூச வந்தபோது குப்புராஜ் வேண்டாமென்று அனுப்பிவிட்டார்.

மருத்துவமனையிலிருந்து மூன்று கடிதங்கள் வந்தன. அறுவை சிகிச்சையால் பயனில்லை என்ற கடைசிக் கடிதம் வந்த தேதி: 2025 ஜூன் 19.