எருக்கலை நாரும் என் டிஷ்யூ பேப்பரும்

இத்தாலியின் பலெர்மோவில் ஒரு மர ஆய்வுக்கூடத்தைத் துப்புரவு செய்வது என் வேலை. அங்கிருக்கும் ஆராய்ச்சியாளர் அம்மா, பாலைவனத்திலிருந்து வந்த எருக்கலைத் தண்டைச் சீவி, அமிலத்தில் ஊறவைத்து, நார் நாராகப் பிரித்துக்கொண்டிருந்தார். அதில் காகிதம் செய்யலாமா என்பது அவருடைய கேள்வி. எங்கள் ஊர் மன்னாரில் வேலியோரம் சும்மா நிற்கிற செடிக்கு இங்கே வெள்ளைக் கோட்டுப் போட்ட பணிவிடை.

ஒரு காலை, கழுவும் தொட்டியோரம் ஒரு கண்ணாடிக் குப்பி நின்றது. அடியில் வெள்ளையாக, கரைந்த பஞ்சுபோல ஏதோ. சிஞ்ஞோராக்கள் என்னும் இத்தாலிய எசமானியம்மாக்களின் வீடுகளில் வேலை பார்த்துப் பழகிய எங்கள் ஆட்களுக்கு, அழுக்குக் கண்ணாடியைக் கண்டால் கை சும்மா இராது. கழுவித் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்து ரசித்த பிறகுதான் அதில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தேன். எருக்கலை நார்!

அடுத்த மாதம் பெர்மெசோ, அதுதான் இங்கே தங்கும் அனுமதித் தாள், புதுப்பிக்க வேண்டும். அதற்கு வேலை ஒப்பந்தம் வேண்டும். ஒப்பந்தத்தில் கையெழுத்து வைப்பவர் அந்த அம்மா. மனைவிக்குப் போன் எடுத்தேன்.

"இஞ்சை பாரப்பா, ஆராய்ச்சி எருக்கலையைக் கழுவி ஊத்திப்போட்டன்."

"விசர் மனுசன்! உடனை அவவிட்டைப் போய்ச் சொல்லுங்கோ."

"சொன்னால் வேலை போயிடும்."

"சொல்லாட்டிப் போகாதோ?"

பயம் வந்தால் என் மூளை வேகமாக ஓடும். திசை மட்டும் பார்க்காது. நாரென்றால் நார்தானே என்று, கழிப்பறை டிஷ்யூவைப் பிய்த்து ஊறவைத்துக் குப்பிக்குள் குலுக்கினேன். அசல் எருக்கலையே தோற்றுவிடும்.

அவர் வந்து, ஒரு துளியை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். நீள நீளமாக, தட்டையான ரிப்பன்கள் கிடந்தன. பழைய கண்ணாடித் தகடு ஒன்றை மாற்றி வைத்தார். அதில் குட்டை நார்கள். இடையிடையே, தண்டில் நீர் ஏறும் பீப்பாய் போன்ற குழாய்கள்.

"இரண்டாவது எருக்கலை. முதலாவது குளிர்நாட்டுப் பைன். பாலைவனத்தில் பைன் எப்படி முளைத்தது?"

டிஷ்யூவைப் பைன் மரக்கூழில் செய்வார்கள் என்று எனக்கு எங்கே தெரியும்? எல்லாவற்றையும் சொன்னேன். எனக்கு வழக்கமாக வரும் பகிடி ஒன்றுகூட வரவில்லை.

"கழுவியது பரவாயில்லை, மீதிச் சீவல் இருக்கிறது. குப்பியை அங்கே வைத்தது என் பிழை. ஆனால் இதை நான் அளந்து எழுதியிருந்தால்?"

அதை நான் யோசிக்கவே இல்லை. என் ஒரு தாளைக் காப்பாற்ற, அவருடைய தாள்கள் அத்தனையையும் பொய்யாக்கப் பார்த்திருக்கிறேன்.

"ஒப்பந்தம்...?" என்று இழுத்தேன்.

"துப்புரவுக்குக் கையெழுத்து வைக்கிறேன்," என்றார். "ஆராய்ச்சிக்கு வைக்க மாட்டேன்."