செலின் தொடாத லோரிகள்

அந்தச் செவ்வாய்க்கிழமை எழுந்ததும் முதல் வேலையாக மரவள்ளி மாவைக் கரைத்துப் பசை காய்ச்சினேன். பிள்ளைகள் மறுநாள் முட்டை அட்டைகளில் முதலை செய்வதாக இருந்தது. பசை கெட்டியாகிக்கொண்டிருக்கும்போது செலினின் அக்காள் தொலைபேசியில் அழைத்தார். "டீச்சர், தங்கச்சி போயிட்டா. குளிக்கப் போனவ அப்படியே சாஞ்சிட்டா. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு." நான் அடுப்பை அணைத்தேன். என்ன செய்கிறேன் என்று தெரியாமலே பசையை டப்பாவில் ஊற்றி மூடி, பள்ளிக்கு எடுத்துப் போனேன். புதன்கிழமை முதலைகள் செய்யப்பட்டன. அதை நிறுத்தியிருந்தால் செலின் என்னைச் சும்மா விட்டிருக்க மாட்டாள்.

மாசாயில் எங்கள் பாலர் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பிய எவருக்கும் அவளைத் தெரியும். ஒன்பது ஆண்டுகள் என் வகுப்பில் உதவி ஆசிரியையாக இருந்தாள். நான் கல்லூரியில் படித்துச் சான்றிதழ் வாங்கிய வகுப்பாசிரியை. அவள் என்னைவிட நான்கு வயது இளையவள். பாசிர் கூடாங்கில் ஓர் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்துவிட்டு வந்தவள். சேர்ந்த முதல் வாரமே சொன்னாள்: "பத்து வருசம் பெட்டி மடிச்சேன் டீச்சர், ஒரு பெட்டிகூட லோரியா மாறல. இங்க வந்து அஞ்சு நிமிசம் ஆவல, மாறிடுச்சு பாருங்க!"

புதன்கிழமைகளில் ஒரு மணி நேரம் அவளுடையது. கூடத்தின் நடுவே அட்டைப்பெட்டி, போத்தல் மூடி, சத்தே இறைச்சி சுடும் குச்சி, துணித் துண்டு எல்லாவற்றையும் கொட்டுவாள். மாதிரி என்று எதையும் செய்து வைக்க மாட்டாள். "மாதிரி வச்சா பிள்ளைங்க அதப் பாத்தே பயந்துருவாங்க" என்பாள். பிறகு இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நடப்பாள். யாராவது ஒட்டித் தரச் சொன்னால், சொன்ன இடத்தில் மட்டும் ஒட்டித் தருவாள். "கேட்டா குடுங்க. கேக்காம தொடாதீங்க" என்பதுதான் அவளுடைய சட்டம். சாய்ந்த வீட்டை நிமிர்த்த நான் கையை நீட்டினால் உடனே குரல் வரும்: "கை அரிக்குதா டீச்சர்? போய் பிரஷ் கழுவுங்க." போய்க் கழுவுவேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் அந்த மணி நேரம் பறிபோக இருந்தது. பக்கத்துத் தாமான் குடியிருப்பில் உள்ள ஒரு பாலர் பள்ளியின் கண்காட்சியில் ஒரே அச்சில் வார்த்ததுபோல் முப்பது பட்டாம்பூச்சிகள் இருந்தனவாம். எங்கள் பிள்ளைகள் இருவர் அங்கே மாறிப் போனார்கள். பள்ளியை நடத்தும் மேடம் எங்களைக் கூப்பிட்டார். "பெற்றோர் தினத்துல இந்த வருசமும் மேசை குப்பை மாதிரி இருந்துச்சுன்னா, புதன்கிழமைய எடுத்துட்டு எழுத்துப் பயிற்சி போட்டுருவேன். சொல்லிட்டேன்."

நான் பயந்துவிட்டேன். பெற்றோர் தினத்துக்கு முந்தைய மாலை, செலின் தன் வீட்டுக்குக் கிளம்பிய பின், பிள்ளைகள் செய்த பத்தொன்பது லோரிகளையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சக்கரங்களை நேராக்கினேன். கோணல் சன்னல்களின்மேல் வண்ணத்தாள் ஒட்டினேன். பெயர்களை என் அழகான கையெழுத்தில் எழுதினேன். எங்கள் தொழிலில் இது புதிதல்ல. பெற்றோர் பார்ப்பதற்கு முன் பிள்ளைகளின் கைவேலை ஒரு முறை ஆசிரியை கைக்கு வந்து போகும்; அதை யாரும் பொய் என்று சொல்வதில்லை. செலினின் மணி நேரத்தைக் காப்பாற்றுகிறேன் என்றுதான் நானும் நினைத்தேன்.

காலையில் ஆறு வயது யாழினி தன் அப்பாவை இழுத்துக்கொண்டு ஓடி வந்தாள். தன் லோரியை இரண்டு முறை கடந்து போனாள். "பா, என்னோடத காணோம்." நான் எடுத்துக் காட்டினேன். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது என்னோடது இல்ல. என்னோடதுல அஞ்சு சக்கரம்." ஐந்தாவது சக்கரத்தை, தெரியாமல் ஒட்டியது என்று நினைத்து, நான்தான் பிய்த்துப் போட்டிருந்தேன். மேசையைச் சுற்றி மற்ற பிள்ளைகளும் தங்கள் லோரியைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

செலின் என் பக்கத்தில் வந்து நின்றாள். "எவ்வளவு நேரம் உக்காந்தீங்க?"

"மூணு மணி நேரம்."

"அலமாக்! அழகாத்தான் இருக்கு டீச்சர். ஆனா பாவம், ஒரு வண்டிக்கும் ஓனர் இல்லையே."

சாமான் அறைக்குப் போனாள். மிச்சமிருந்த பெட்டிகளையெல்லாம் அள்ளி வந்து பெற்றோரின் கால்களுக்கு முன்னால் கொட்டினாள். "எல்லாரும் கீழ உக்காருங்க. இன்னிக்குப் பிள்ளைங்கதான் முதலாளி. அவங்க சொல்றத மட்டும் செய்ங்க."

"வாரம் பூரா அதான் லா செய்யறோம்!" என்றார் தலைக்கவசத்தைக் கழற்றாமலே நின்ற ஓர் அப்பா. கூடம் சிரிப்பில் அதிர்ந்தது. எல்லோரும் உட்கார்ந்தார்கள்.

தொழிற்சாலையில் பொட்டலம் கட்டும் ஓர் அம்மா கண் இமைக்கும் நேரத்தில் பெட்டியை மடித்து நிறுத்தினார், பிள்ளைகள் கைதட்டினார்கள். துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டும் யாழினியின் அப்பா சக்கரத்தை அளந்து அளந்து பொருத்தினார். "பா, நேரா வேணாம். என் லோரி மேட்டுல ஏறுது" என்றாள் மகள். "சரிங்க பாஸ்" என்று அவர் மறுபடி கழற்றினார். ஒரு மேசையின் இரண்டு கால்களை மடக்கிச் சரிவாக்கி, அதில் லோரிகளை உருட்டிவிட்டோம். பாதி வண்டிகள் கவிழ்ந்தன. யாழினியின் புதிய ஐந்து சக்கர லோரி பக்கவாட்டிலேயே ஓடி, இரண்டை முந்தி, கைகட்டி நின்றுகொண்டிருந்த மேடத்தின் காலணியில் முட்டி நின்றது.

மேடம் குனிந்து எடுத்தார். "அஞ்சாவது சக்கரம் எதுக்கு?"

"பஞ்சர் ஆனா?" என்றாள் யாழினி, இதுகூடத் தெரியாதா என்பதுபோல.

மேடம் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. பன்னிரண்டு மணிக்கு முடியவேண்டிய நிகழ்ச்சி இரண்டு மணிக்கும் முடியவில்லை. அடுத்த வாரம் மேடம் எங்களிடம், "வெள்ளிக்கிழமையும் ஒரு மணி நேரம் எடுத்துக்குங்க" என்றார். செலின் சமையலறைக்கு ஓடிப்போய்ப் பானை மூடியைத் தட்டிக்கொண்டு ஆடினாள். மாறிப் போன இருவரில் ஒரு பிள்ளை மறு ஆண்டு திரும்பி வந்தான்.

சில நாள் கழித்து, சக்கரத்தைப் பிய்த்தவள் நான் என்று செலினிடம் ஒப்புக்கொண்டேன். "தெரியும் டீச்சர். அன்னிக்கே குப்பைத் தொட்டியில பாத்தேன்" என்றாள். கடைசிவரை யாரிடமும் அவள் சொல்லவில்லை. இப்போது நானே சொல்லிவிட்டேன்.

அடக்கம் முடிந்து மாதா கோவில் வாசலில் நின்றபோது மேடம் தயங்கித் தயங்கிக் கேட்டார். "செலின் இல்லாம அந்த ரெண்டு மணி நேரத்த யாரு பாக்குறது? எழுத்துப் பயிற்சியே போட்டுடலாமா?" பண்டார் தெங்காராவில் தொடங்கவிருக்கும் கிளைக்கு என்னைத் தலைமை ஆசிரியையாகப் போகச் சொல்லி அவர் முன்பே கேட்டிருந்தார். இரண்டுக்கும் வெள்ளிக்கிழமை பதில் சொல்ல வேண்டும்.

அவளிடமிருந்து எனக்குக் கிடைத்தது பொறுமை என்று எழுதினால் செலின் சிரிப்பாள். அவளுக்குப் பொறுமை கிடையாது. பேருந்து இரண்டு நிமிடம் தாமதித்தால் நடக்கத் தொடங்கிவிடுவாள். ஒரு பிள்ளையின் கையில் ஒன்று சரியப் போகிறது என்று தெரிந்தும் பக்கத்திலேயே நிம்மதியாக உட்கார்ந்திருக்கும் துணிவு அவளுக்கு இருந்தது. அதில் கொஞ்சம் எனக்கும் ஒட்டியிருக்கிறது. அது என்னோடு இருக்கும்.

வெள்ளிக்கிழமை மேடத்திடம், தலைமைப் பொறுப்பு வேண்டாம் என்று சொல்லப் போகிறேன். வகுப்பை வேறோர் ஆசிரியையிடம் கொடுத்துவிட்டு, அந்த இரண்டு மணி நேரத்தோடு செலினின் உதவி ஆசிரியை இடத்தை எனக்குத் தரும்படி கேட்கப் போகிறேன். வீட்டில்கூட இன்னும் சொல்லவில்லை.