பூனைக்குத் தூதுவளை ரசம்

என் மகளுக்கு அப்போது ஆறு வயது. பூனையைத் தூக்கினால் தும்முவாள். தும்மிக்கொண்டே மறுபடியும் தூக்குவாள். விருத்தாசலத்தில் நாங்கள் இருந்த வாடகை வீட்டுக்குத் தானாக வந்து ஒட்டிக்கொண்ட பூனை அது. டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு, "பூனை முடியோ தூசியோ ஒத்துக்கல, அலர்ஜி" என்று மாத்திரை எழுதினார். வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் தூசியை எல்லோரும் மறந்துவிட்டோம். பூனை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நின்றது.

என் கணவரின் அக்கா, எனக்கு அண்ணி, அடுத்த தெருவில் இருந்தார். அண்ணிக்கு மாத்திரை என்றாலே ஆகாது. காலையில் டிவியில் ஒருவர் மூலிகை வைத்தியம் சொல்வார். அவர் சொல்லி முடிப்பதற்குள் எங்கள் வீட்டு அடுப்பு எரிய வேண்டும். தூதுவளை ரசம், கற்பூரவல்லிச் சாறு, தேனில் குழைத்த மிளகுப்பொடி, நொச்சி இலை போட்டு ஆவி. வேலியெல்லாம் கை கிழிய இலை பறித்தவள் நான். நல்ல பெயர் மட்டும் டிவிக்காரருக்கு.

மகளோ எதைக் கொடுத்தாலும் குடித்தாள். சாம்பாரில் ஒரு கறிவேப்பிலை மிதந்தால் தட்டையே தள்ளுகிற பிள்ளை! கண்ணை இறுக மூடி மடக் மடக்கென்று குடித்துவிட்டு, "சரியாயிடுச்சு அத்தை" என்பாள். வாயை மூடுவதற்குள் அடுத்த தும்மல் வந்துவிடும்.

ஏன் குடித்தாள் என்று எனக்குத் தெரியும். அண்ணி கெடு வைத்திருந்தார். "ஞாயித்துக்கெழம வரைக்கும் பாப்பேன். தும்மல் நிக்கல, பூனைய கோணியில கட்டி வேப்பூர் பஸ்ஸுல ஏத்திடுவேன். ஹைவே ஓட்டல்ல எலும்பு கிலும்பு தின்னு பொழைச்சிக்கும்." கோணியையும் கையோடு கொண்டுவந்து எங்கள் வீட்டு ஆணியில் மாட்டிவிட்டுப் போனார். பிள்ளை அதைப் பார்க்காமல் நடக்கப் பழகியிருந்தாள்.

கெடு நெருங்க நெருங்க அண்ணிக்குப் புது யோசனை பிறந்தது. "புள்ளைக்குக் குடுத்து என்னா பிரயோஜனம்? கோளாறு பூனைகிட்டல்ல இருக்குது? பூனைக்குக் குடு."

"தொட்டுக்க அப்பளம் பொரிக்கட்டுமா அண்ணி?" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

என் கணவர் காலைப் பிடிக்க, அண்ணி வாயைத் திறக்க, நான் ஸ்பூனால் ஊட்டினேன். பெற்ற பிள்ளைக்குக்கூட அவ்வளவு பதமாக ஆற்றி ஊட்டியதில்லை. பூனை துப்பியது அத்தனையும் என் கணவரின் முகத்தில். பிறகு பூனைமேல் கூடையைக் கவிழ்த்துச் சாம்பிராணி போட்டோம். பூனை தும்மியது. மகள் தும்மினாள். அண்ணியும் தும்மினார். "பாத்தியா, எல்லாம் வெளியேறுது" என்றார். அடக் கடவுளே, எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் கோணியில் யார் யாரையோ கட்டியிருப்பேன்.

என் கணவருக்குப் பீங்கான் பொம்மைப் பட்டறையில் வேலை. சூளைக்குப் போகும் முன் காய்ந்த பொம்மைகளின் பிசிறைச் சுரண்டி உப்புத்தாளால் தேய்ப்பார். சனிக்கிழமை சாயங்காலம் ஒரு பூனைப் பொம்மையோடு வந்தார். ஒரு காது உடைந்ததால் சூளையில் ஏற்றாமல் ஒதுக்கியது.

"இத வெச்சிக்க கண்ணு. இதுக்கு முடியே கெடையாது."

மகள் மனசே இல்லாமல் வாங்கி நெஞ்சோடு அணைத்தாள். தும்மல் பிடித்துக்கொண்டது. மூச்சு வாங்கும்வரை விடவில்லை.

அண்ணி குனிந்து அந்தப் பொம்மையின் வாயைப் பார்த்தார். "இதுக்கு எப்பிடி ஊட்டுறது?" என்றார். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. மூலையில் கணவரின் பட்டறைச் சட்டை கிடந்தது. பூனைக்குத் தினமும் அதுதான் மெத்தை. எடுத்து ஓர் உதறு உதறினேன். வெள்ளையாகப் பீங்கான் மாவு புகைபோலக் கிளம்பி எல்லோரும் தும்மினோம். சுடாத அந்தப் பொம்மையிலும் இதே மாவுதான். எங்கள் ஊரில் அந்த மாவைத் தூசி என்று யாரும் சொல்வதில்லை. அதுதான் சம்பளம், அதுதான் சோறு. அது ஒத்துக்கொள்ளாது என்று யாருக்குத் தோன்றும்?

"அந்த வாயில்லாச் சீவன என்னா பாடு படுத்தினோம்! பூனையில்ல அண்ணி, எல்லாத்துக்கும் காரணம் உங்க தம்பிதான்!" என்று கத்தினேன். கத்தும்போதே சிரிப்பு வந்துவிட்டது. கணவரும் சிரித்தார். மகள் மட்டும் சிரிக்கவில்லை. பூனை தப்பித்த குஷியில் இருக்க வேண்டியவள் ஏன் இப்படி முழிக்கிறாள் என்று நினைத்தேன். அண்ணி கோணியை மறந்து, ஆணியிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்.

திங்கட்கிழமை சாயங்காலம், வந்ததும் குளிக்கச் சொல்லியிருந்தும், கணவர் பட்டறைச் சட்டையோடே சாப்பிட உட்கார்ந்துவிட்டார். மகள் ஓடிப்போய் அவரை ஒட்டி உட்கார்ந்தாள். மூக்கு சிவந்து, கண்ணில் தண்ணீர் கட்டி, உதட்டை இறுகக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னாடி இது? வந்தா தும்மிட வேண்டியதுதான?"

மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். எழுந்து வந்து என் புடவையைப் பிடித்து அடுப்படிக்கு இழுத்துப்போனாள்.

"நான் தும்மவே இல்லம்மா. அத்தைகிட்ட சொல்லு, அப்பாவ வேப்பூர் பஸ்ஸுல ஏத்த வேணாம். தூதுவள ரசம் இருந்தா குடு, குடிச்சிடறேன்."